கலைநயத்துக்கு இரண்டு மதிப்பெண்

மீன்கள் நிம்மதியாகக் குஞ்சு பொரிக்கட்டும் என்று அரசாங்கம் கடலுக்கு அறுபத்தொரு நாள் லீவு விடுகிற சித்திரை மாதத்தில், விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் கட்டப்பட்டுக் கிடக்க, மீனுக்குப் போடுகிற ஐஸை வாங்க ஒரு ஆளும் இல்லாமல் போக, புன்னந்துறையில் ஐஸ் கம்பெனி வைத்திருந்த செல்வமோகன் அண்ணாச்சி, மிஷினை நிறுத்தினால் துருப்பிடிக்கும், ஓட்டினால் ஐஸ் சேர்ந்துகொண்டே போகும், சேர்ந்த ஐஸை யார் தலையில் கட்டுவது என்று மூன்று நாள் யோசித்து, நான்காம் நாள் காலையில், தலையில் கட்டுவானேன், காலுக்குக் கீழே போட்டுவிடலாமே என்று கண்டுபிடித்தார்.

கம்பெனியின் பின்பக்கத்துக் குடோனில் அறுபதடி நீளத்துக்கு ஐஸ் தரை போட்டார். சென்னையில் மூடிப்போன ஏதோ ஒரு மாலிலிருந்து, அடியில் கத்தி வைத்த பூட்ஸுகளை நாற்பது ஜோடி வாங்கி வந்தார். வாசலில், 'குளுகுளு ஐஸ் ஸ்கேட்டிங். விழுந்தால் கம்பெனி பொறுப்பல்ல' என்று போர்டு வைத்தார். ஊர் மொத்தமும் வந்து விழுந்தது. கச்சான் காற்றில் ஆளுயர அலை அடிக்கும்போது படகின் முன்முனையில், அணியத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் அந்தத் தரையில் மூன்று விநாடி நிற்க முடியாமல் மல்லாந்து விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழுந்து, கடல் ஆடும், நாம நிப்போம், இந்தக் கருமம் நிக்குது, நாம ஆடவேண்டி இருக்கு என்று விளக்கம் சொல்லிவிட்டு மறுபடி விழுந்தார்கள்.

புன்னந்துறையில் நாலு பேர் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்தால் ஐந்தாவதாக ஒரு சங்கம் பிறந்துவிடும். அந்த வழக்கப்படி பத்தாவது நாள் 'புன்னந்துறை வட்டார ஐஸ் ஸ்கேட்டிங் கலைக் கழகம்' பதிவு எண்ணோடு பிறந்தது. ஏழு விசைப்படகுக்குச் சொந்தக்காரரும், ஊரில் மைக் வைத்த எந்த மேடையிலும் அந்த மைக்கை முதலில் தொடுகிறவருமான ரெக்சன் பர்னாந்து தலைவர் ஆனார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் விசில் ஊதி ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் தேவசகாயம் செயலாளர் ஆனார். கோயிலில் கீபோர்டு வாசிக்கிற ஞானஒளி, இசை என்று ஒரு சொல் பூட்ஸுகளோடு வந்த விதிப்புத்தகத்தில் இருந்த காரணத்தால், உறுப்பினர் ஆனார். சறுக்கத் தெரிந்தவர்கள் யாரும் கழகத்தில் இல்லை. பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக அவர்களைச் சேர்க்கவில்லை.

விதிப்புத்தகம் இங்கிலீஷில் நூற்றுப் பன்னிரண்டு பக்கம் இருந்தது. தேவசகாயம் வாத்தியார் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பதினோரு நாளில் அதைத் தமிழாக்கி முடித்தார். சுழற்சிக்கு மார்க், குதிப்புக்கு மார்க், விழாமல் இருப்பதற்கு மார்க் என்று எல்லாம் வரிசையாகப் போய், கடைசியில் இரண்டு கட்டங்கள் வந்தன. ஒன்று கலைநயம். மற்றது இசை விளக்கம்.

"ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்டார் ஞானஒளி.

"கலைநயம்னா பாக்கதுக்கு நல்லா இருக்கணும். இசை விளக்கம்னா கேக்கதுக்கு நல்லா இருக்கணும்."

"சறுக்குத ஆள எப்படி சார் கேக்கது?"

"அதத்தான்யா விளக்கம்னு போட்டிருக்கான்."

இந்தப் பதில் அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்து, அடுத்த நாள் மீன் ஏலக்கூடத்துக்குப் போய், அதற்கடுத்த நாள் கோயில் வாசலுக்கு வந்து, ஊரை இரண்டாகப் பிளந்துவிட்டது. கையை அழகாக வைத்தால் போதும், பாட்டு பின்னால் வரட்டும் என்று ஒரு கட்சி. பாட்டுக்குக் கட்டுப்படாத கை இருந்தென்ன போயென்ன என்று ஒரு கட்சி. தடைக்காலத்தில் வலை பின்னுவதைத் தவிர வேலையில்லாத ஆண்கள் இரண்டு கட்சியிலும் மாறி மாறிச் சேர்ந்தார்கள். இரண்டும் ஒன்றா வேறா என்று முடிவு கட்ட முடியாமல், கழகம் இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பை என்று தீர்மானம் போட்டது. போட்டிக்கு நாள் குறித்தார்கள். ரெக்சன் பர்னாந்தின் மகள் ரெனிட்டா, சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டே இரண்டு வருஷம் ஸ்கேட்டிங் கற்றவள், லீவுக்கு வந்திருந்தாள். அவள் ஜெயிப்பாள் என்பதில் இரண்டு கட்சிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இப்படி இருக்கையில்தான் பிரகாசியாள் தரையைக் கூட்ட வந்தாள்.

பிரகாசியாளுக்கு முப்பத்தைந்து வயது. பதினான்கு வருஷமாக அந்தக் கம்பெனியில் ஐஸ் பாளத்தை இழுத்து, உடைக்கிற மிஷினுக்குள் தள்ளி, பொடியைக் கூடைகூடையாக வண்டியில் ஏற்றுகிறவள். புருஷன் வளைகுடா நாட்டில் யாருடைய படகிலோ இறால் பிடித்துக்கொண்டிருந்தான். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. வலது தோள்பட்டை எலும்பு, இனிமேல் என்னைத் தொந்தரவு செய்யாதே என்று ஒரு வருஷமாக எச்சரித்துக்கொண்டிருந்தது. தடைக்காலத்தில் ஐஸ் உடைக்கிற வேலை இல்லையென்றதும் அண்ணாச்சி அவளிடம் ஒரு ரப்பர் வைத்த தள்ளுகட்டையைக் கொடுத்து, ஊரார் விழுந்து கீறிய ஐஸ் துகளை ஓரமாகத் தள்ளச் சொன்னார். செருப்புக் காலோடு போய் இரண்டு தடவை விழுந்தாள். மூன்றாவது தடவை ஒரு ஜோடி பூட்ஸை மாட்டிக்கொண்டு, தள்ளுகட்டையை ஊன்றி, முதல் எட்டு வைத்தாள்.

அவள் காலுக்குக் கீழே ஐஸ் பாடியது.

பாடியது என்று சொல்வது சரியில்லை, சொற்கள் இல்லை. வாசித்தது என்றும் சொல்ல முடியாது. அது எந்த வாத்தியமும் இல்லை. குடோனுக்கு வெளியே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. வருஷக்கணக்காக ஒரே முனகலாக முனகி யாரும் காது கொடுக்காத அந்தச் சத்தத்தைக் கேட்டபடி அவள் போக, ஐஸ் அந்த முனகலை எடுத்து, அதற்குள் இப்படியெல்லாம் ஒரு வருத்தம் இருந்ததா என்று ஆகும்படி நீட்டி, மடக்கி, கடைசியில் மெதுவாகக் கீழே இறக்கி வைத்தது. அவள் நின்றதும் அதுவும் நின்றது.

"என்ன அண்ணாச்சி, ரேடியோ வச்சிருக்கியளா?" என்று கேட்டாள் பிரகாசியாள்.

"நான் எங்க வச்சேன்? நீ என்னத்தையும் மிதிச்சிட்டியா?"

எலெக்ட்ரீஷியன் வந்தான். ஐஸில் நாலு இடத்தில் துளை போட்டான், ஒயர் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். பங்குச் சாமியார் வந்தார். அரைமணி நேரம் கேட்டார், இதில் விசுவாசத்துக்கு எதிராகவும் ஒன்றும் இல்லை, ஆதரவாகவும் ஒன்றும் இல்லை என்று சொல்லி, வெயில் காலத்தில் செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா என்று விசாரித்தார். கல்யாண பேண்டுக்காரர்கள் வந்து, எங்கள் பிழைப்பில் மண்ணா என்று கேட்டார்கள். ஒருவன் செல்போனில் பிடித்து ரிங்டோனாக வைத்தான்; மற்றவர்களும் வைத்தார்கள்; கடைசியில் யாருக்குப் போன் வருகிறதென்று தெரியாமல் எல்லோரும் பழைய பாட்டுக்கே திரும்பினார்கள். மற்றவர்கள் சறுக்கும்போது ஐஸ் வழக்கம்போல் கர் கர் என்றுதான் சொன்னது. இதற்காக யாரும் அதனிடம் கோபித்துக்கொள்ளவில்லை, ஐஸுக்கும் ஆளைப் பிடிக்கவேண்டும் இல்லையா என்று விட்டுவிட்டார்கள்.

அவள் எதைக் கேட்டபடி போகிறாளோ அதைத்தான் ஐஸ் எடுத்துச் சொல்கிறது என்பதைப் பெண்கள் ஒரு வாரத்தில் கண்டுகொண்டார்கள். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, அவள் தள்ளுகட்டையோடு சுற்றுகையில் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்வார்கள். ஒருத்தி இருபது நிமிஷம் மாமியாரைப் பற்றிச் சொன்னாள். ஐஸ் மொத்தம் இரண்டே சுரம் வாசித்தது. அவள் வெட்கப்பட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி, ஒன்றுமில்லை மைனி, சும்மாதான் வந்தேன் என்று சொன்னாள். அந்த 'ஒன்றுமில்லை'க்கு ஐஸ் வாசித்ததைச் செல்போனில் கேட்டு, வெளியூரிலிருந்த அவளுடைய அக்காள் அன்றைக்கே பஸ் ஏறி வந்தாள். பதினைந்தாம் நாளுக்குள் இதெல்லாம் கரண்ட் போவதும் வருவதும் போல ஆகிவிட்டது. பிரகாசியாள் வராத நாளில்தான், ஏன் சத்தம் இல்லை என்று ஊர் ஆச்சரியப்பட்டது.

இந்தச் சமயத்தில்தான் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் வந்தது. மாவட்டத் தலைநகரில் ஓர் அரசு அலுவலகத்தில், விளையாட்டு ஒதுக்கீட்டில், பெண்ணுக்கு ஒரு வேலை. பதிவுபெற்ற கழகத்தின் போட்டியில் ஏதேனும் ஒரு பிரிவில் முதலிடம் பெற்ற சான்றிதழ் இருந்தால் போதும். பிரகாசியாள் அதைப் படித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதை இரண்டாம் தடவை படித்தாள். தோள்பட்டையைத் தடவிக்கொண்டு, நேராகத் தேவசகாயம் வாத்தியார் வீட்டுக்குப் போய், போட்டிக்குப் பேர் கொடுக்க வேண்டும் என்றாள்.

கழகம் அவசரமாகக் கூடியது. ஊரே இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த அதிசயத்தில் இருந்த விதிமீறல் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"இங்க பாரும்மா," என்றார் தேவசகாயம். "இசை விளக்கம்னா, முதல்ல இசை இருக்கணும். பெறவு அதுக்கு விளக்கம் இருக்கணும். நீ வெறும் விளக்கத்த வச்சிக்கிட்டு வந்து நிக்க. இசை எங்க?"

"கால்ல வருதே சார்."

"கால்ல வரக்கூடாது. விதி பதினாலு: ஆடுவதற்குரிய ஒலியை ரெண்டு நாளுக்கு முன்னாடி கழகத்துக்கிட்ட ஒப்படைக்கணும். ஒப்படைக்க முடியுமா ஒன்னால?"

"கால வெட்டித்தான் சார் ஒப்படைக்கணும்."

ஞானஒளிக்குச் சிரிப்பு வந்தது. ரெக்சன் பர்னாந்து சிரிக்காததால் அவரும் சிரிக்கவில்லை. கடைசியில் ஞானஒளியே ஒரு வழி சொன்னார். அவள் சறுக்கும்போது வருகிற சத்தத்தை நாலு நிமிஷம் பதிவு பண்ணுவோம். அதை ஒப்படைத்த இசையாக வைத்துக்கொள்வோம். போட்டியன்று அதைப் போட்டு, அதற்கு அவள் ஆடட்டும். அப்படியே செய்தார்கள். பதிவு பண்ணிய அன்று பிரகாசியாளுக்குத் தோள்வலி அதிகம். வலியைக் கேட்டுக்கொண்டேதான் சுற்றினாள். பதிவேட்டில் 'இசை: கழகம்' என்று எழுதினார்கள். கழகத்தின் இசையைக் கழகத்தில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பதால், ரெனிட்டாவும் அதையே எடுத்துக்கொண்டாள். கேட்டதில் இதுதான் அப்பா நல்லா இருக்கு என்று அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

போட்டி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்கு. குடோனில் எள் விழ இடமில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் கலைக்காகவும், பாதிப் பேர் இசைக்காகவும், எல்லோரும் குளிர்ச்சிக்காகவும் வந்திருந்தார்கள்.

ரெனிட்டா நீல நிற உடுப்பில் மின்னிக்கொண்டு வந்தாள். அவள் நன்றாகவே சறுக்கினாள். அதை மறைக்கக் கூடாது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தாள், விரல் நுனிகளால் இல்லாத ஒருவனிடம் கெஞ்சினாள், கண்ணை மூடினாள், திறந்தாள், சுழன்றாள். இசை வடக்கே போனபோது அவள் தெற்கே போனாள். ஆனால் அழகாகப் போனாள். தோள்வலி முனகிய இடத்தில் புன்னகை செய்தாள். எங்கே அந்தச் சத்தம் மூச்சு வாங்கி நின்றதோ அங்கே துள்ளிக் குதித்தாள். தேவசகாயம் கலைநயத்துக்கு ஒன்பதரை போட்டார். இசை விளக்கத்துக்கு ஞானஒளி ஒன்பது போட்டார். கோயில் கீபோர்டை நன்கொடையாகத் தந்த ரெக்சன் பர்னாந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்ததற்கும் அந்த ஒன்பதுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு பிரகாசியாள். கம்பெனிப் புடவையை ஏற்றிச் செருகி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பாட்டை ஒலிபெருக்கியில் போட்டார்கள். அவள் கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டாள். போன வாரத்துத் தன்னுடைய வலியை வேறு யாரோ ஒருத்தியின் வலியைக் கேட்பதுபோலக் கேட்டாள். பாவம் இவள் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அப்புறம் காலை எடுத்து வைத்தாள்; ஐஸ் அந்தப் பாட்டுக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. புதிதாக, வேறொன்றாக, முந்தியது அழுத இடத்தில் இது தோளைத் தொடுவதுபோல, முந்தியது தடுமாறிய இடத்தில் இது நின்று கைகொடுப்பதுபோல. பின்வரிசைப் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். ஞானஒளியின் பேனா காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது.

"ரெண்டு பாட்டு கேக்குது," என்று அவர் காதில் சொன்னார் தேவசகாயம். "விதி பதினேழு. ஒப்படைத்த ஒலியோடு வேற்றிசை கலந்தால் பூஜ்யம்."

"சார், அது வேற்றிசை இல்ல. அதுதான் சார் விளக்கம்."

"அந்தக் கட்டத்துல நம்பர்தான்யா எழுத முடியும். எழுது."

ஞானஒளி ரெக்சன் பர்னாந்தைப் பார்த்தார். பிறகு ஒரு பூஜ்யம் போட்டார். வெட்கத்தில் நிதானமாகப் போட்டதால் அது அவ்வளவு உருண்டையாக வந்தது. அந்த வட்டாரத்தில் யாரும் அப்படி ஒரு பூஜ்யம் போட்டதில்லை. தேவசகாயம் தன் பங்குக்குக் கலைநயத்தில் இரண்டு போட்டு, 'சிரிக்கவில்லை, கை இடுப்பில்' என்று காரணமும் எழுதினார்.

பிரகாசியாள் மார்க்கைப் பார்த்தாள். மகள்தான் அழுதாள். "சும்மா இரிட்டி," என்றாள் பிரகாசியாள் மகளிடம். "ஐஸ் உடைக்க ஆள் வேணும்லா, அங்கயே இருந்துக்கிடுவேன்." சொல்லும்போது குரல் ஒரு இடத்தில் இறங்கியதை அவளே கேட்டாள்.

முடிவை வாசித்துக் கோப்பை கொடுப்பதற்கு முன்னால் தலைவர் உரை. மேடைக்கு எதிரே தரை முழுக்கத் துகளாகக் கிடந்தது. அண்ணாச்சி வழக்கம்போல், "பிரகாசி, போட்டோ எடுக்கணும், தரையைத் தள்ளி விடு," என்றார். அவள் பூட்ஸைக் கழற்றியிருக்கவில்லை. தள்ளுகட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அதே நேரத்தில் ரெக்சன் பர்னாந்து மைக்கைத் தட்டி, அச்சடித்த தாளைப் பிரித்தார். அவளும் மற்ற எல்லோரையும் போலக் கேட்கத் தொடங்கினாள். அவள் கேட்டால் என்ன நடக்கும் என்பது அந்த ஒரு நிமிஷம் யாருக்கும் ஞாபகம் இல்லை.

"பாரபட்சமற்ற நடுவர் பெருமக்களே," என்றார் ரெக்சன் பர்னாந்து.

ஐஸ், நாற்காலியை யாரோ மெதுவாகப் பின்னுக்கு இழுப்பதுபோல ஒரு சத்தம் எழுப்பியது.

"தன்னலம் கருதாது இந்தக் கலையை வளர்க்கும் சான்றோர்களே!"

ஐஸின் சத்தத்தில் பருத்த வாத்து ஒன்று படி இறங்கி வந்தது. ஒவ்வொரு படியிலும் நின்று தன்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டது. கூட்டத்தில் ஒருவர் இருமினார். ரெக்சன் பர்னாந்து தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் மேலும் உரத்துப் படித்தார். ஏழை எளியவர்களின் தோழனாகிய நான் என்ற இடத்தில் ஒரு கொசு வந்து, சுற்றி, உட்கார இடம் பார்த்து, ஏமாந்து போயிற்று. மூன்று பேர் வாயைப் பொத்தினார்கள்.

"இன்று இரண்டு கோப்பைகளையும் வென்று நமக்கெல்லாம் பெருமை சேர்த்திருக்கும் என் அன்பு மகள் ரெனிட்டாவை வாழ்த்தி..."

ஐஸ் சட்டென்று மௌனமானது. அந்த மௌனத்தில்தான், முடிவை இன்னும் வாசிக்கவே இல்லையே, பிறகு இந்த வாழ்த்து எப்போது அச்சானது என்று கூட்டம் யோசித்தது. யோசித்து முடித்ததும், மிகச் சரியாக அந்த நேரத்தில், ஒரே ஒரு 'ணிங்'. முதலில் வெடித்துச் சிரித்தது ரெனிட்டாதான். பிறகு குடோனே சிரித்தது. ஆண்கள் தொடையில் தட்டினார்கள், பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி விழுந்தார்கள், சாமியார் திரும்பிச் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

"யாரு அது! நிப்பாட்டச் சொல்லு!" என்று கத்தினார் ரெக்சன் பர்னாந்து. ஐஸ் அதையும் வாசித்தது. இன்னும் சிரித்தார்கள். அவர் தாளைக் கசக்கி எறிந்தார். வாயைத் திறந்தார், தாள் இல்லாமல் அவருக்கு ஒன்றும் வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, அப்படியே நின்றார்.

பிரகாசியாள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. அவள் தலையை லேசாகச் சாய்த்து, அவர் பேசாமல் நிற்பதைக் கேட்டுக்கொண்டு, தள்ளுகட்டையோடு ஒரு அகலமான வளைவு எடுத்தாள். ஐஸ் தணிந்த குரலில் தொடங்கியது. நடுக்கடலில் எஞ்சினை அணைத்தபின் வருமே, பலகையில் தண்ணீர் தட்டுகிற சத்தம், அது. தட்டியது, நின்றது, எதையோ எதிர்பார்த்தது, மறுபடி தட்டியது. முன்வரிசையில் சிரிப்பு முதலில் அடங்கியது. வயதானவர்களுக்கு அந்தச் சத்தம் எது என்று தெரிந்துவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு முன் ரெக்சன் பர்னாந்தின் தம்பி வின்சென்ட் படகோடு காணாமல் போனான். தேடிப்போன மற்றவர்கள் ஐந்தாம் நாள் திரும்பிவிட்டபோது, இவர் மட்டும் பதினோரு நாள், மணிக்கொரு தரம் எஞ்சினை அணைத்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, பதிலுக்குக் காது கொடுத்துக்கொண்டு கடலில் கிடந்தார். கரைக்கு வந்தபிறகு அவர் பேச்சை நிறுத்தியதே இல்லை. பேசாமல் ஒரு இடத்தில் அவரை யாரும் பார்த்ததும் இல்லை. ஊர் அதையெல்லாம் மறந்து, மைக்கை மட்டும் ஞாபகம் வைத்திருந்தது.

குடோனில் கம்ப்ரஸர்கூடக் கேட்கவில்லை. ரெக்சன் பர்னாந்து மேடையிலிருந்து இறங்கி, தோல் செருப்போடு ஐஸில் கால் வைத்து, ஊரில் எல்லோரும் விழுந்த மாதிரியே விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை. பிரகாசியாள் அருகில் போய் நின்று கையை நீட்டினாள். ஐஸும் நின்றது.

"நிப்பாட்டாத, தங்கச்சி," என்றார் அவர், உட்கார்ந்தபடியே. "இன்னும் ஒரு சுத்து."

அவள் இன்னும் ஒரு சுற்று போனாள்.

அது முடிந்தபோது ஞானஒளி எழுந்து நின்றிருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, யாரும் சொல்லாமல் எழுந்து நின்றிருந்தார்.

"தேவசகாயம் சார், தலைவர் உரைய எப்ப அச்சடிக்கக் குடுத்தாங்க?"

"வெள்ளிக்கிழம. எங்கிட்டதான் ஒரு காப்பி குடுத்தாங்க."

"ரெண்டு நாளுக்கு முன்னாடி. கழகத்துக்கிட்ட. சரியா?"

"ஆமா. அதுக்கு?"

"அப்ப அது ஒப்படைத்த ஒலி. அதுக்கு இந்தம்மா ஆடியிருக்கு."

"யோவ், அது பேச்சுய்யா!"

"விதியில ஒலின்னுதான் சார் இருக்கு. நீங்கதானே மொழிபெயர்த்திய."

தேவசகாயம் புத்தகத்தைப் புரட்டினார். ஒலி என்றுதான் இருந்தது. "வேற்றிசை கலந்துச்சே," என்றார் விடாமல்.

"பேச்சுல இசை இருந்தாதானே சார் இது வேற்றிசை? தலைவர் பேச்சுல இசை இருந்துச்சின்னு நீங்க எழுதித் தாங்க, நான் பூஜ்யத்த விட்டுருதேன்."

எழுதித்தர தேவசகாயம் முன்வரவில்லை. முடிவை வாசிக்கும்வரை மார்க்கைத் திருத்தலாம் என்றும் அந்தப் புத்தகமே சொன்னது. எல்லோரும் ஐஸில் உட்கார்ந்திருந்த தலைவரைப் பார்த்தார்கள். அவர் தலையை ஆட்டினார். ஞானஒளி பூஜ்யத்தை அடிக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு கோடு மட்டும் போட்டார், பத்து ஆகிவிட்டது. தேவசகாயம் மனசாட்சி உள்ளவர்; கலைநயத்து இரண்டை மாற்றமாட்டேன் என்றார், இப்போதும் அந்தம்மா சிரிக்கவில்லை என்று ஆதாரம் காட்டினார். ஆகவே கலைநயக் கோப்பை ரெனிட்டாவுக்கு, இசை விளக்கக் கோப்பை பிரகாசியாளுக்கு என்று முடிந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் தாங்கள்தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டு வெளியே வெயிலுக்குப் போனார்கள்.

ரெனிட்டா கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, உள்ளதச் சொல்லுங்க. ஒங்க பாட்டுக்கு நான் ஆடினது எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு பாப்பா. பாட்டு இல்லாம இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

ரெனிட்டா கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு, அன்று காலையில் இரண்டாம் முறையாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடுத்த ஒரு வாரமும் அவள் பாட்டுப் போடாமல்தான் சறுக்கினாள். ஐஸ் கர் கர் என்றது. அது கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

தடைக்காலம் முடிந்தது. படகுகளுக்கு ஐஸ் வேண்டும் என்று ஆள் மேல் ஆள் வந்ததும் அண்ணாச்சி தரையைப் பாளம் பாளமாக அறுத்து மிஷினில் போட்டுவிட்டார். மீன்பெட்டியில் காது வைத்துப் பார்த்தவர்களுக்கு மீன் வாடைதான் கிடைத்தது. கழகம் கலைநயக் கழகம் என்றும் இசை விளக்கக் கழகம் என்றும் இரண்டாக உடைந்தது; இரண்டும் ஐஸ் இல்லாமலே இன்றுவரை மாதாந்திரக் கூட்டம் நடத்துகின்றன. ரெக்சன் பர்னாந்து அந்த ஆடி மாதம் தம்பி பேரில் பூசை வைத்தார். பூசை முடிந்து சாமியார் மைக்கை நீட்டியபோது, வேண்டாம் சாமி என்று சொல்லிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். ஊருக்கு இதுதான் பெரிய அதிசயமாக இருந்தது. ஐஸ் பாடியதைவிட இதைப் பற்றித்தான் அதிக நாள் பேசினார்கள்.

பிரகாசியாளுக்கு அந்த அரசு அலுவலக வேலை கிடைத்தது. மாடி ஜன்னலை ஒட்டி ஒரு நாற்காலி, மனு கொடுக்க வருகிறவர்களிடம் விவரம் கேட்டு எழுதுகிற வேலை. நேர்முகத் தேர்வில் மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் சான்றிதழைக் கண்ணாடிக்கு மேலாகவும் கீழாகவும் பார்த்தார்.

"இசை விளக்கத்துக்குப் பத்து. கலைநயத்துக்கு ரெண்டா? என்னம்மா இது?"

"சிரிக்கலன்னு குறைச்சிட்டாங்க மேடம்."

"ஏன், சிரிச்சிருக்க வேண்டியதுதானே?"

"அந்நேரம் எல்லாரும் சிரிச்சிக்கிட்டிருந்தாங்க மேடம்," என்றாள் பிரகாசியாள். "யாராவது ஒரு ஆளு கேக்கணும்லா."